பனிப்பாறை இல்லைதான், ஆனால்...

"நீலகிரியில் பனிப்பாறையே கிடையாது, காலநிலை மாற்றம் நம்ம ஆறுகளை ஒன்றும் செய்யாது, வருஷ மழை குறையாத வரை கிணறு நிறையும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. முதல் பாதி சரி. ஜனவரியில் ஊட்டிப் புல்மேல் படியும் உறைபனி வெயில் ஏறியதும் போய்விடும், அதை நம்பி எந்த ஆறும் இல்லை. சிந்து, கங்கை கதை வேறு. அங்கே பனிப்பாறை உருகும்போது முதலில் நீர்வரத்து கூடும், பாறை சிறுத்த பிறகு கோடை வரத்து குறையும்.

நமக்குத் தண்ணீரைச் சேர்த்துவைப்பது சோலையும் (மலை மடிப்புகளில் உள்ள அடர்ந்த காடு) புல்வெளியும்தான். மழை விட்ட பிறகு சோலை மண்ணை ஒரு கை அள்ளிப் பிழியுங்கள், சொட்டும். அந்த ஈரம் மெல்லக் கசிந்து ஊற்றாகித்தான் மழையில்லாத மாதங்களிலும் பவானியும் மாயாறும் ஓடுகின்றன.

அதனால் எவ்வளவு பெய்தது என்பதோடு எப்படிப் பெய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் நம்ம நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. வருஷக் கணக்கில் அது அழகாகச் சேரும். ஆனால் அந்த வேகத்தில் வரும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது, சரிவை அறுத்துக்கொண்டு ஓடிவிடும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். இப்படிக் கொட்டும் மழைக்கு வாய்ப்பு கூடுவது அதனால்தான். அப்புறம், இடைப்பட்ட வெயில் நாட்களில் மண்ணும் சீக்கிரம் காய்கிறது. அடியில் கடும்பாறை, மேலே உள்ள மண்ணில் நிற்காத தண்ணீர் கிணற்றுக்கு வராது.