சோசியல்தானே சார்!

இந்த மாதத்தில் இது நாலாவது தடவை. மூன்றாவது பீரியடுக்கு 10 பி வகுப்புக்குள் கால் வைக்கிறேன், கணக்கு வாத்தியார் ஏற்கெனவே கரும்பலகையில் பாதி எழுதி முடித்திருக்கிறார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. "நாளைக்கு ரிவிஷன் டெஸ்ட் சார். உங்களுது சோசியல்தானே, எப்ப வேணா பார்த்துக்கலாம்." நானும் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்ததிலிருந்து வயிறு எரிகிறது. எதற்குச் சிரித்துத் தொலைத்தேன் என்று என் மேலேயே கோபம்.

சோசியல்"தானே". யாராவது "கணக்குதானே சார்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "இங்கிலீஷ்தானே"? பெற்றோர் கூட்டத்திலும் இதே கதைதான். "சோசியல்லதான் மார்க் கம்மி சார், அது பரவால்ல, கடைசி மாசம் மனப்பாடம் பண்ணிடுவான்" என்று என் முகத்தைப் பார்த்தே சொல்கிறார்கள். ஆறுதல் சொல்கிறார்களாம்.

சோசியல் என்பதே ஒரு பொட்டலம். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் ஒரே ஆசிரியர் தலையில், ஒரே 100 மார்க்கில் கட்டி ஏற்றியிருக்கிறார்கள். பீரியட் பறிபோனால் முதலில் அடிவாங்குவது புவியியல். வரலாற்றைக் கதையாகச் சொல்லியாவது ஒப்பேற்றிவிடலாம். வரலாறு படித்துவிட்டு வேலைக்கு வந்தவர்களுக்குச் சமஅழுத்தக் கோடு என்றால் கொஞ்சம் உதறல். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புவியியல் படித்த எனக்கு முகலாயர் பரம்பரையைச் சொல்லும்போது அதே உதறல் இருக்கிறது.

இன்றைக்கு நடத்தியிருக்க வேண்டியது பருவமழை. நாங்கள் இருப்பது காவிரியின் கடைமடை. இங்கே இந்தப் பாடத்துக்குப் புத்தகமே வேண்டாம். ஜூன் 12 என்றால் மேட்டூர் அணை திறக்கிற நாள் என்று இந்தப் பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். 120 அடியில் இன்றைக்கு எத்தனை அடி என்பது டீக்கடைப் பேச்சு. ஆனால் "ஜூலையில நம்ம ஊர்ல பெரிசா மழையே இல்லையே, ஆத்துல எப்படித் தண்ணி வருது?" என்று கேட்டால் வகுப்பு முழிக்கும். தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டிக் குடகில் கொட்டுகிறது. அது காவிரியில் இறங்கி, வயநாட்டுப் பக்கத்துக் கபினியையும் சேர்த்துக்கொண்டு, மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, நம் வாய்க்காலுக்குக் குறுவைக்கு வந்து சேர்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் மழைமறைவு என்பதால் நமக்கு அந்தக் காற்றால் பெரிய மழை கிடையாது. நம் தலைமேல் விழும் மழை ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குக் காற்றோடு வருவது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் பாதிக்குப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. ஒரே வயலுக்கு இரண்டு காற்றும் சோறு போடுகின்றன. இதைச் சொல்ல எனக்கு நாற்பது நிமிடம் போதும். அதைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள். தேர்வில் பையன் "தமிழ்நாடு தென்மேற்குப் பருவக்காற்றால் அதிக மழை பெறுகிறது" என்று எழுதுவான். ஐப்பசி மழையில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்து எழுதுவான்.

ஒருமுறை ஏழாம் வகுப்பில் வரைபடத்தை மாட்டி "மேலே இருப்பது வடக்கு" என்று ஆரம்பித்தேன். ஒரு பெண் எழுந்தாள். "சார், மேலே வடக்குன்னா மேலத்தெரு ஏன் சார் மேற்கால இருக்கு?" எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். மேற்கே மேடு, கிழக்கே தாழ்ந்து தாழ்ந்து கடல். தண்ணீர் ஓடுகிற சரிவைப் பார்த்து மேல், கீழ் என்று திசைக்குப் பெயர் வைத்த ஊர் நம்முடையது. மேலே வடக்கு என்பது காகிதத்துக்கு வைத்துக்கொண்ட வழக்கம். மேலத்தெருவும் கீழத்தெருவும் நிலத்தை மிதித்துப் பார்த்து வைத்த பெயர்கள். அந்தப் பாடத்தை ஆசை தீர நடத்தினேன். பலன்? பாடத்திட்டத்தில் ஒரு வாரம் பின்தங்கிவிட்டேன் என்று பதிவேட்டில் சிவப்பு மை.

சரி, வரைபடத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ரத்தம் கொதிப்பது. ஜனவரி பிறந்துவிட்டால் எல்லாப் பள்ளியிலும் "மேப் பாயின்ட்" என்றொரு திருவிழா. போன வருடங்களில் அதிகம் கேட்ட இடங்களைப் பட்டியல் போட்டு, அவுட்லைன் மேப்பில் எங்கே புள்ளி வைக்க வேண்டும் என்று பிள்ளைகளின் கைக்குப் பழக்குகிறோம். மூளைக்கு வேலை இல்லை. குஜராத்தின் வாய்க்குள் ஒரு புள்ளி வை, அது காண்ட்லா துறைமுகம். நடு வயிற்றுக்குக் கொஞ்சம் மேலே குறுக்கே கோடு போடு, அது கடகரேகை. அங்கே ஏன் துறைமுகம் வந்தது, அந்தக் கோட்டில் சூரியனுக்கு என்ன வேலை என்று கேட்டால், "சார், அது கேட்க மாட்டாங்க சார்."

புள்ளியாக மட்டும் படித்தால் என்ன ஆகும் என்பதை விடைத்தாள் திருத்தும்போது பார்க்க வேண்டும். ஒருவன் நர்மதையைக் கொண்டுவந்து வங்காள விரிகுடாவில் விட்டிருந்தான். விந்திய மலைக்கும் சாத்பூரா மலைக்கும் நடுவே பிளந்து இறங்கிய பள்ளத்தில் அது மேற்கே ஓடுகிறது என்ற கதையைக் கேட்டிருந்தால் அந்தக் கை அப்படிப் போயிருக்காது. இன்னொருவன் சோட்டா நாக்பூர் பீடபூமியை அரபிக்கடலில் மிதக்கவிட்டிருந்தான். சிரிப்பு வந்தது. அப்புறம், இதை இப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்தானே என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனைக்கும் அரசு இலவசமாகக் கொடுத்த அட்லஸ் இருக்கிறது. பை கனக்கிறது என்று வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். அதே பிள்ளைகள் செல்போனில் நீலப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு தெரியாத ஊரில் கல்யாண மண்டபத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் புள்ளியே ஒரு அட்சமும் ஒரு தீர்க்கமும் வெட்டிக்கொள்கிற இடம்தான் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

பூகோள உருண்டை ஒன்று எங்கள் பள்ளியிலும் உண்டு. தலைமையாசிரியர் மேஜையில், பிளாஸ்டிக் பூக்களுக்குப் பக்கத்தில், வந்தபோது இருந்த பாலித்தீன் உறையோடு இருக்கிறது. வகுப்புக்கு எடுத்துப்போகக் கேட்டால் "பசங்க உடைச்சிடுவாங்க சார்." உடையட்டுமே! உடைக்கிற அளவுக்காவது தொட்டுப் பார்க்கட்டுமே.

வெளியே வெயில் இருக்கிறது, அதற்கு உறை போட முடியாது என்று ஒரு ஆகஸ்டில் முடிவு செய்தேன். எங்கள் ஊர் அட்சத்தில் வருடத்துக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். நிழலில்லா நாள். ஏப்ரலில் வருவது தேர்வு, லீவு என்று போய்விடும். இரண்டாவது ஆகஸ்ட் 24ஐ ஒட்டி, பள்ளி நடக்கும் நாளில். பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கம்பு நட்டேன். தண்ணீர் பாட்டில், ஜியாமெட்ரி பாக்ஸ் என்று ஆளுக்கொன்றை நிறுத்தினார்கள். நிழல் சுருங்கிச் சுருங்கிக் கம்பின் காலடியில் ஒளிந்துகொண்டது. ஒரே கூச்சல். அப்போது ஒருவன் வாட்ச்சைப் பார்த்துக் கேட்டான். "சார், உச்சி வெயில் பன்னெண்டுக்குத்தானே வரணும்? மணி 12:14 ஆகுதே?"

பத்து வருடமாக நான் காத்திருந்த கேள்வி! நம் கடிகாரம் காட்டுவது நம் ஊர் நேரமே இல்லை. மிர்சாப்பூர் பக்கம் போகிற 82½ டிகிரி தீர்க்கக் கோட்டின் நேரம். நாம் அதற்கு மேற்கே ஏறத்தாழ மூன்று டிகிரி தள்ளி இருக்கிறோம். டிகிரிக்கு நாலு நிமிடம் என்றால் பன்னிரண்டு நிமிடம். (மிச்ச ரெண்டு நிமிடத்துக்கு வேறு கணக்கு, அதைப் பிளஸ் டூவில் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.) அட்சம் எதற்கு, தீர்க்கம் எதற்கு, திட்ட நேரம் எதற்கு என்பதெல்லாம் ஒரு கம்பில் முடிந்துவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து மனப்பாடம் செய்துவந்த மூன்று பாடங்கள்.

மேலே மாடியிலிருந்து விசில். "வகுப்பு நேரத்தில் மாணவர்களை வெயிலில் நிறுத்தியது ஏன்?" என்று அன்று மாலை எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார்கள். நான் விளக்கத்தில் சூரியனின் சாய்வுக் கோணத்தை எழுதிக் கொடுத்தேன். அதற்கு இன்னொரு விளக்கம் கேட்டார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு, வளிமண்டலம் பாடம், "வெப்பமண்டலச் சூறாவளி பற்றிக் குறிப்பு வரைக." எங்களிடம் படிக்கிற வேதாரண்யம் பக்கத்துப் பையன் ஒருவன், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது சின்னப் பிள்ளை. அவன் எழுதியது கிட்டத்தட்ட இதுதான்: "முதலில் வடக்கே இருந்து காற்று அடித்தது. ஓடு எல்லாம் பறந்தது. பிறகு திடீரென்று ஒன்றுமே இல்லை, அமைதி. எல்லாரும் வெளியே வந்தோம். தாத்தா உள்ளே போங்கடா என்று கத்தினார். பிறகு தெற்கே இருந்து அதைவிட மோசமாக அடித்தது. நின்ற தென்னையும் அப்போதுதான் விழுந்தது."

இதைவிடச் சூறாவளியை யாரால் எழுத முடியும்? வட அரைக்கோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். அது கிழக்கேயிருந்து நம்மைக் கடந்து மேற்கே போகும்போது முன்பக்கத்தில் வடக்குக் காற்று, நடுவில் கண், பின்பக்கத்தில் தெற்குக் காற்று. புத்தகம் படம் போட்டுக் காட்டுவதை அந்தப் பையன் உடம்பால் அளந்து வைத்திருக்கிறான். பொதுத் திருத்தம் என்பதால் அந்தத் தாள் வேறொருவர் கைக்குப் போனது. ஐந்துக்கு ஒன்று போட்டிருந்தார். ஓரத்தில் ஒரு குறிப்பு: "கதை எழுதாதே." விடைக்குறிப்பில் உள்ள "தாழ்வழுத்தம்", "சுழல் காற்று" என்ற சொற்கள் தாளில் இல்லையாம். நான் போய்ச் சண்டை போட்டு நாலு வாங்கிக்கொடுத்தேன். ஆனால் அடுத்த தேர்வில் அவன் புத்தக வரிகளை அட்சரம் பிசகாமல் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினான். தாத்தா காணாமல் போய்விட்டார். அந்த ஐந்து மார்க்கைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் அந்த ஒரு மார்க்கைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில் கடல் நுரைத்து விசித்திரமாகப் பொங்குவதைப் பார்த்து, சுனாமி வருகிறது என்று பெற்றோரை நச்சரித்துக் கடற்கரையையே காலி செய்யவைத்தவள் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி. ரெண்டு வாரம் முன்புதான் அவள் பள்ளியில் புவியியல் ஆசிரியர் அதை நடத்தியிருந்தார். அதே நாள் நாகப்பட்டினம் என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுனாமி என்ற சொல்லே நம்மில் பலருக்கு அன்றுதான் அறிமுகம். அந்த ஆசிரியரின் பீரியடை அந்த வாரம் யாரும் கடன் கேட்கவில்லை போலிருக்கிறது.

போன மாதம் பேருந்து நிலையத்தில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். குரூப் 4க்குப் படிக்கிறானாம். "இப்பதான் சார் பத்தாவது ஜாக்ரஃபி புரியுது. கோச்சிங் சென்டர்ல செமையா நடத்துறாங்க." கையில் அதே பாடப்புத்தகம், ஸ்பைரல் பைண்டிங் போட்டது. பீஸ் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். அவன் பத்தாவது படித்த வருடம் கடைசி இரண்டு மாதம் அவன் வகுப்புப் பீரியடை யாருக்குக் கொடுத்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

நாளைக்கும் 10 பி எனக்கு மூன்றாவது பீரியட்தான். மணி அடிக்க ரெண்டு நிமிடம் இருக்கும்போதே போய் வாசலில் நிற்கப்போகிறேன். டஸ்டரையும் எடுத்துக்கொண்டு.