அனிமேவுக்குப் பாடினால் பாடகி இல்லையா?

நேற்று குழுவில் அந்தப் பட்டியல் விவகாரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜப்பானியப் பாடகிகள் வரிசையில் லிசா பெயரை நான் சொன்னதும், "கார்ட்டூனுக்குப் பாடுறவங்களை எல்லாம் இதுல சேர்க்க முடியாதுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலி வேறு. இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

கிஃபு பக்கம் ஒரு சின்ன பேண்டில் பாடிக்கொண்டிருந்த பெண் அவர். 2010இல் 'ஏஞ்சல் பீட்ஸ்' என்ற அனிமே (ஜப்பானிய அசைவூட்ட) தொடரில் யுய் என்ற பாத்திரத்துக்குப் பாடும் வாய்ப்பு வந்தது. யுய்க்கு வசனம் பேசியவர் வேறொருவர். அவள் மைக்கைப் பிடித்துப் பாடும்போது மட்டும் லிசாவின் குரல். திரையில் முகம் கிடையாது. இதைத்தானே நாம் பின்னணிப் பாடகி என்கிறோம்? ஜானகியம்மா குரலுக்கு நடிகைகள் வாயசைத்ததைப் பார்த்து வளர்ந்த நாம், அவரை "சினிமாவுக்குத்தானே பாடினார்" என்று தள்ளுவோமா? மற்றவர்கள் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாமே சொல்லலாமா?

"தொடர் ஹிட், அதனால பாட்டும் ஹிட்" என்றார் ஒருவர். கொஞ்சம் உண்மை இருக்கிறது. 'டீமன் ஸ்லேயர்' அனிமே இல்லாமல் அதன் தொடக்கப் பாட்டான 'குரெங்கே' இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் அந்தத் தொடர் வந்தது 2019இல். 2014லேயே லிசா டோக்கியோவின் பெரிய அரங்கமான புடோகான் மேடையில் தனிக் கச்சேரி செய்தாயிற்று. 'குரெங்கே' வரிகளை எழுதியவரும் அவர்தான். தொடக்கப் பாட்டுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். அதற்குள் கதையின் கோபமும் இழப்பும் நெஞ்சில் ஏற வேண்டும். பாடிப் பார்த்தால் தெரியும் கஷ்டம். 2020இல், அதே தொடரின் 'முகென் ட்ரெய்ன்' படத்துக்கு அவர் பாடிய 'ஹொமுரா'வுக்கு ஜப்பான் ரெக்கார்ட் விருதின் முதல் பரிசையே கொடுத்தார்கள். அந்த ஊரே பாடகி என்று ஒப்புக்கொண்டவரை நாம் யார் தள்ளி வைக்க?

"சும்மா கத்துறாங்க" என்றவருக்குப் பதில் சொல்லவே விருப்பமில்லை. 'ஹொமுரா' தொடக்கத்தை ஒருமுறை காதுகொடுத்துக் கேளுங்கள், போதும்.

என் அக்கா பையன் 'முகென் ட்ரெய்ன்' படம் முடிந்து 'ஹொமுரா'வோடு பெயர்கள் ஓடும்போது டிவியை அணைக்க விடவில்லை. ரிமோட்டை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கக்கூட மறந்து, அந்தப் பாட்டு முடியும்வரை அசையாமல் இருந்தான். ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது அவனுக்கு. அப்புறம் எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்து, ஆண்டு விழாவில் பாட அனுமதி கேட்டிருக்கிறான். "கார்ட்டூன் பாட்டெல்லாம் வேண்டாம், நல்ல பாட்டா பாடு" என்று அனுப்பிவிட்டார்கள். வேறு பாட்டு பாடமாட்டேன் என்று விழாவுக்கே போகவில்லை.

ரசனை அவரவர் இஷ்டம் என்பீர்கள். சரி, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். பாடகியே இல்லை என்று சொல்வது ரசனையா? அது இளக்காரம். அந்தப் பையனும் நம் குழுவில்தான் இருக்கிறான். நேற்று நீங்கள் சிரித்ததை எல்லாம் அவனும் படித்தான். லிசாவைப் பட்டியலில் சேர்ப்பது அப்புறம் இருக்கட்டும், முதலில் அந்தச் சிரிப்புகளை எடுங்கள்.