ஒனிக்ஸ் மேல தண்ணி ஊத்தினா கரண்ட் ஏறுமா?

பள்ளிக்கூட லீவு விட்டாப் போதும், மட்டக்களப்புப் பொடியன்மாரின்ட போன்களுக்குள்ள ஃபயர்ரெட் திரும்பவும் வந்து குந்திக்கொள்ளும். போக்கிமொன் எண்ட பிராணிகளைப் பிடிச்சு மோதவிடுற, 2004 இல வந்த கேம் அது. எமுலேட்டர் எண்ட ஆப்புல பழைய போன்லயும் நிக்காம ஓடும். ரெண்டாம் நாளே, கரண்ட் அடிக்கிற பிக்காச்சு கல்லுப் பாம்பு ஒனிக்ஸிட்ட தோத்தவுடன, முறைப்பாடு வரும்: "கார்ட்டூன்ல ஹீரோ ஆஷ்ட பிக்காச்சு ஒனிக்ஸை விழுத்தினதுதானே, இதில மட்டும் ஏன் கரண்ட் ஏறுதில்ல? கேம் பிழை." வயசுல மூத்தவனுகள் திருப்பிச் சொல்லுவானுகள்: "கார்ட்டூன்தான்டா பிழை."

ரெண்டும் இல்ல மனே. வடிவாப் பார்ப்பம்.

விரிடியன் காட்டில பிக்காச்சு எதிர்ப்படுறது நூற்றுக்கு 5 தரம்தான். அவ்வளவு நேரம் புல்லுக்குள்ள அலைஞ்சு பிடிச்சு, முதல் ஜிம் எண்ட போட்டிக்கூடத்தின்ட தலைவன் புரொக்கிட்ட கொண்டுபோனா, அங்க 12 ஆம் லெவல் ஜியோடூட், 14 ஆம் லெவல் ஒனிக்ஸ். ரெண்டும் கல் வகை மட்டுமில்ல, நில வகையும்தான். கரண்டைத் தடுக்கிறது கல் இல்ல, நிலம். நில வகைக்குக் கரண்ட் அடி பூச்சியம். பாதியுமில்ல, காலுமில்ல. சரி, குயிக் அட்டாக்கால அடிப்பம் எண்டா அது சாதாரண வகை, கல்லில பாதிதான் படும். அந்தப் பாதியும் ஒனிக்ஸ்ட டிஃபென்ஸ்ல போய் முட்டும், அதின்ட அடிப்படைப் பெறுமானம் 160. பிக்காச்சுக்கு ரெண்டு வாசலும் பூட்டு.

கார்ட்டூனை மட்டும் பார்த்து வாற பிள்ளை இதை "கல்லுக்குக் கரண்ட் ஏறாது" எண்டு விளங்கிக்கொள்ளும். பிறகு அந்த விளக்கம்தான் அதுக்கு வினை. சுடோவூடோ தனிக் கல் வகை, அதுக்குக் கரண்ட் முழுசாப் படும். கபூட்டோ கல்லும் நீரும், அதுக்கு இரட்டிப்பாப் படும். கல் எண்டு பார்த்தவுடன பிக்காச்சுவைப் போட்டியில இருந்து திருப்பி எடுக்கிறது வீண்.

இனிக் கார்ட்டூன். 1997 இல தொடங்கின தொடர்ல 5 ஆவது கதை. முதல் போட்டியில பிக்காச்சு தோக்குது. புரொக்கின்ட தகப்பன் தண்ணிச் சில்லைக் கொண்டு அதுக்குக் கரண்ட் ஏத்திவிடுறார். ரெண்டாவது போட்டியில நெருப்புப் பத்தி, கூரையில இருக்கிற தண்ணிக் குழாய்கள் தானாத் திறந்து ஒனிக்ஸ் முழுக்க நனையுது. அதுக்குப் பிறகுதான் கரண்ட் வேலை செய்யுது. இதை நான் பிழை எண்டு சொல்லமாட்டன். கேமில ஒனிக்ஸ்ட மோசமான எதிரியே தண்ணிதான், நீர் அடி அதில நாலு மடங்கு படும். அந்த இலக்கத்தைத்தான் தொடர் கண்ணுக்குத் தெரியிற காரணமா மாத்தி வச்சிருக்கு. மார்கழி மழையில ஊறின சுவர்ல கை வச்சுச் சொக் வாங்கின ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தவும் தேவையில்ல.

ஆனா அதைக் கேமுக்குள்ள தேடாதீங்க. ரெயின் டான்ஸ் போட்டு மழை பெய்ய வச்சா நீர் அடி ஒன்றரை மடங்காகும், தண்டர் எண்ட கரண்ட் அடி குறி தவறாது, அவ்வளவுதான். நிலத்துக்குக் கரண்ட் பூச்சியமாவே கிடக்கும்.

இதில எனக்குப் பிடிச்ச பகுதி 1998 இல வந்த யெல்லோ. கார்ட்டூனைப் பார்த்துச் செஞ்ச கேம் அது. முதல் போக்கிமொன் பிக்காச்சு, உங்களுக்குப் பின்னால நடந்து வரும், அதை வேற உருவமா மாத்துற தண்டர் ஸ்டோன் குடுத்தா வேணாம் எண்டும். அப்ப முதல் ஜிம்முல என்ன செய்யிற? கூரையில குழாய் வைக்க ஏலாது. அதால புரொக்கின்ட ரெண்டு பேரையும் ரெண்டு ரெண்டு லெவல் இறக்கினாங்க. விரிடியனுக்கு மேற்கால, கல்லை உதைச்சு விழுத்துற சண்டை வகை மாங்கியைக் கொண்டுவந்து விட்டாங்க. முந்தின கேம்களான ரெட், புளூவில நிடொரான் 43 ஆம் லெவல்ல படிச்ச டபுள் கிக் உதையை 12 ஆம் லெவலுக்குக் கொண்டுவந்தாங்க. கார்ட்டூன் தண்ணியால மூடின ஓட்டையைக் கேம் உதையால மூடியிருக்கு. அந்த நுணுக்கத்துக்கே தனி மரியாதை குடுக்கலாம்.

மன்னிக்க ஏலாததும் இருக்கு. ஆஷ்ட நெருப்புப் போக்கிமொன் சரிசார்ட் அவன்ட சொல்லுக் கேக்காதது. பழைய கேம்களில சொல்லுக் கேக்காதது, வேற ஆளிட்ட மாத்தி வாங்கினதுகள் மட்டும்தான். சரி, அது சின்னதில சார்மாண்டரா இருக்கேக்க முதல் வச்சிருந்தவன் வேற ஒருத்தன், அதால அதையும் அந்தக் கணக்கிலயே போடுவம். ஜிம்முல வெண்டாக் கிடைக்கிற பேட்ஜ்தான் அதுகளைக் கேக்க வைக்கும்: ரெண்டாம் பேட்ஜ் 30 ஆம் லெவல் மட்டும், நாலாம் பேட்ஜ் 50, ஆறாம் பேட்ஜ் 70. நடு உருவமான சார்மீலியன் சரிசார்ட்டா மாறுறது 36 ஆம் லெவல்ல. அந்த நேரம் ஆஷ்ட கையில ஆறு பேட்ஜ். எந்தக் கணக்கில பார்த்தாலும் அது கேட்டிருக்க வேணும். ரிச்சி எண்ட போட்டியாளனோட நடந்த லீக் போட்டியில அது படுத்துக் கிடந்ததுக்குக் காரணம் கதையில திருப்பம் தேவைப்பட்டது, வேற ஒண்டுமில்ல.

அதை விட மோசம், ஜிம் தலைவன் பிளேய்ன்ட ரைடன், கொம்பு வச்ச நில வகை. முதல்ல, ரெட்லயும் புளூவிலயும் பிளேய்னிட்ட ரைடனே இல்ல, நாலும் நெருப்பு வகை. கார்ட்டூன்ல ரைடன் வருது, பிக்காச்சு கொம்பில கரண்டை அடிக்குது, விழுந்திட்டுது. இங்க தண்ணியும் இல்ல, வேற ஒரு காரணமும் இல்ல, "கொம்பைப் பார்த்து அடி" எண்ட சத்தம் மட்டும்தான். மறுகா மூண்டாம் தலைமுறைக் கேம்களில ரைடனுக்கு லைட்னிங் ரொட் எண்டு ஒரு திறமை வந்தது. இருவருக்கு இருவர் மோதுற போட்டியில, தன்ட கூட்டாளிக்கு வாற கரண்டை இழுத்துத் தன்ட மேல போட்டுக்கொள்ளும். நில வகை எண்டதால அதுக்குக் கீறலும் விழாது. கொம்பு ஏர்த் கம்பி எண்டு கேம் சொல்லுது, கார்ட்டூன் அதையே பலவீனம் எண்டு காட்டுது. ஆஷுக்கு 25 வருசமாப் பத்து வயசு எண்டதை விடுங்க, அதால ஒருத்தரும் ஜிம்முல தோக்கிறதில்ல.

இப்ப ஃபயர்ரெட்ல புரொக்கிட்ட மாட்டி நிக்கிற பிள்ளைகளுக்கு. முதல் போக்கிமொனாப் புல்பசோர், ஸ்குவர்ட்டில் எடுத்தாக்களுக்குக் கவலையில்ல, புல் அடியும் நீர் அடியும் நாலு மடங்கு. சார்மாண்டர் எடுத்திருந்தா 13 ஆம் லெவல் மட்டும் காட்டில நிண்டு வளருங்க, மெட்டல் கிளோ வரும், கல்லில இரட்டிப்பு. இல்லாட்டி விரிடியனுக்கு மேற்கால 22 ஆம் பாதையில மாங்கியைப் பிடியுங்க. அதின்ட லோ கிக், எதிரியின்ட நிறையைப் பார்த்து அடிக்கும். ஒனிக்ஸ் 210 கிலோ. 200 கிலோவுக்கு மேல போனா அடியின்ட பலம் 120, அந்த நேரத்தில அதை விடப் பெரிய அடி உங்களிட்ட இராது. 20 கிலோ ஜியோடூட்ல அதே உதை 40 தான், பார்த்துப் பயப்படாதீங்க.

பிக்காச்சுவைப் பெட்டிக்குள்ள போட்டிடாதீங்க. அடுத்த ஜிம் மிஸ்டி, 18 ஆம் லெவல் ஸ்டார்யூ, 21 ஆம் லெவல் ஸ்டார்மி. கரண்ட் ரெண்டுலயும் இரட்டிப்பாப் படும். கார்ட்டூன்ல பிக்காச்சு, மிஸ்டி கூட்டாளி எண்டு சண்டைக்கே வரமாட்டன் எண்டு நிண்டது அந்த ஜிம்முலதான்.