சுங்குடியை வேண்டாம் என்றவள் எழுதுவது

வயது ஏற ஏற உடை குறித்த ரசனையும் மாறிவிடுகிறது என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் எழுதியிருப்பதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. 1980களில் மதுரையில் கல்லூரிக்குச் சென்ற எங்களுக்குச் சுங்குடி என்றாலே அம்மாக்கள் வீட்டில் கட்டும், புள்ளி போட்ட பருத்திச் சேலை. கசங்காத, கஞ்சி போடத் தேவையில்லாத நைலக்ஸும் பாலியெஸ்டரும்தான் நாகரிகமாகப் பட்டன, சித்திரை வெயிலில் அவை உடம்போடு ஒட்டிக்கொண்டு படுத்திய பாட்டை நாங்கள் ஒருவரும் வெளியில் சொன்னதில்லை. இப்போது என் பீரோவில் பாதிக்கு மேல் சுங்குடி. இதற்கு வயதுதான் காரணம் என்றால், என் மகள் அதே துணியில் சுடிதார் தைத்துப் போட்ட பிறகே அது எனக்கு அழகாகத் தெரிந்தது ஏன்? பிறர் கண் வழியாகத்தான் நம் கண்ணும் பழகுகிறது என்பது என் எண்ணம்.

2005இல் புவிசார் குறியீடு பெற்ற சுங்குடி, மதுரையின் சௌராஷ்டிரக் குடும்பங்கள் துணியைக் கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளிகளை உண்டாக்கும் வேலை. நான் வாங்குபவையோ பெரும்பாலும் மெழுகு அச்சில் வந்தவை. அம்மாவின் அரக்குச் சேலையில் மட்டும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியின் நடுவிலும் ஊசிமுனை அளவு சாயம் நிற்கிறது, தடவினால் முடிச்சின் மேடு இன்னும் விரலில் தட்டுப்படுகிறது. கல்லூரி விழாவுக்குக் கட்டமாட்டேன் என்று நான் அழுததும் அதே சேலைக்காகத்தான்.