ஒரே வயிறு, ஒரே குங்குமப்பூப் பால்

என் அக்கா மகளுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்து நாலு மாதம் ஆகிறது. பெரியவள் எங்கள் ஆயாவைப் போல நல்ல கறுப்பு. ஏழு நிமிடம் கழித்து வந்த சின்னவள் வெளுப்பு, முடியும் செம்பட்டை. மருமகன் நாங்கள் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலேயே வென்ட்வொர்த் பகுதிப் பையன். அந்தக் காலத்து அரசாங்கப் பதிவேட்டில் 'கலர்ட்', அதாவது கலப்பினம், என்று எழுதிய குடும்பம். ஐரோப்பியரும் ஆப்பிரிக்கரும் பல தலைமுறையாகக் கலந்த வம்சம்.

பேர் வைத்த அன்று சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீடு நிறைய ஆட்கள். சின்னவளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சினார்கள். பெரியவளைத் தூக்கிய ஓர் அத்தை காது மடலை மடக்கிப் பார்த்து, "இது இன்னும் கறுக்கும்" என்றார். இன்னொருவர் கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் கலந்த பொட்டலத்தை அக்கா கையில் திணித்தார். சமையல்கட்டில் இதைவிட மோசம்: "ரெண்டுக்கும் அப்பன் ஒருத்தன்தானா?" பெற்றவள் காதில் அது விழுந்துவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் மாசமாக இருந்தபோது அக்கா தினமும் குங்குமப்பூப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். ஒரே வயிறு, ஒரே பால். குங்குமப்பூ நிறம் கொடுக்கும் என்றால் பெரியவளுக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை?

இவர்கள் ஒரு கரு இரண்டாகப் பிரிந்து வந்தவர்கள் இல்லை. இரண்டு கருமுட்டை, இரண்டு விந்தணு. ஜீன் கணக்கில், வேறு வேறு வருடம் பிறந்த அக்கா தங்கை எப்படியோ அப்படித்தான். சராசரியாகப் பாதிதான் பொது. நம் எல்லோரிடமும் ஒவ்வொரு ஜீனுக்கும் இரண்டு பிரதி உண்டு. பிள்ளைக்குப் போவது அதில் ஒன்றுதான், எது போகும் என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. தோல் நிறமோ ஒரு ஜீன் வேலை இல்லை, பல ஜீன்கள் சேர்ந்து செய்வது. கலப்பு வம்சத்து அப்பனிடம் கருமைக்கான பிரதிகளும் வெளுப்புக்கான பிரதிகளும் ஏராளம். பெரும்பாலும் கலந்துகட்டி நடுவாந்தரமாக விழும். அபூர்வமாக ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கமும் மற்றதற்கு மறுபக்கமும் அதிகம் சேர்ந்துவிடும்.

அவன் பக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். எஸ்.எல்.சி.24.ஏ.5 என்று ஒரு ஜீன். வரி வெளுத்த ஒரு வரிக்குதிரை மீனை ஆராய்ந்து 2005-ல் அதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஜீனின் குறியீட்டில் ஒரே ஓர் எழுத்து மாறினால் தோல் வெளுக்கும். ஐரோப்பியரில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் உள்ள அந்த மாற்றம் தமிழர்களிலும் பலரிடம் இருக்கிறது. எங்கள் ஆயா கறுப்பு, ஆயாவின் தங்கை வெளுப்பு. அவர்கள் அப்பனைப் பற்றி யாரும் கேட்கவில்லையே!

நிறத்தைச் செய்கிற செல்கள் கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அவை மெலனின் என்கிற நிறப்பொருளை எவ்வளவு செய்கின்றன, என்ன வகை, அதன் துகள் எவ்வளவு பெரியது என்பதில்தான் வித்தியாசம். அத்தை சொன்னதில் ஒன்று சரி: பிறந்த குழந்தை போகப் போகக் கறுக்கத்தான் செய்யும். மெலனின் பிறந்தபிறகுதான் முழுதாக ஊறுகிறது. அதைக் குறையாகச் சொன்னதுதான் தப்பு.

இந்த நாட்டில் இருந்துகொண்டு நாம் இப்படிப் பேசலாமா? 1950-ல் ஆளாளுக்கு இனம் குறித்துப் பதிகிற மக்கள்பதிவுச் சட்டம் வந்தது. தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனம் எழுதினார்கள். கூடப் பிறந்தவர்களையே வேறு வேறு இனமாக எழுதிய வீடுகள் உண்டு. சாண்ட்ரா லாயிங் 1955-ல் வெள்ளைக்காரத் தாய் தகப்பனுக்குக் கறுப்பாகப் பிறந்தவர். பத்து வயதில் பள்ளியை விட்டு வெளியேற்றினார்கள், 'கலர்ட்' என்று மாற்றி எழுதினார்கள். அவர் தகப்பன் தன் மகள்தான் என்று காட்ட ரத்தப் பரிசோதனைவரை போனார். அந்தச் சட்டத்தை 1991-ல்தான் எடுத்தார்கள். அந்தத் தகப்பனிடம் ஊர் கேட்ட கேள்வியைத்தான் நம் சமையல்கட்டில் நம் பெண்ணிடம் கேட்டீர்கள்.

பெரியவள் இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறாள். எந்த முகம் தன்னைத் தேடி வருகிறது என்று பார்க்கிறாள். தங்கச்சியை முதலில் தூக்கினால் அவள் கண்ணும் கூடவே போகிறது; என் கண்ணால் பார்த்தேன்.

மாவுப் பொட்டலத்தைக் கொடுத்தவர் வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் வாருங்கள். வந்ததும் பெரியவளை முதலில் தூக்குங்கள்.