ஸ்டீவ் ராதரியின் கிதாருக்காகக் காத்திருப்பவர்கள்

மரில்லியன் இசைக்குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1997-ல்தான் தொடங்குகிறார்கள். அமெரிக்கா போகக் காசில்லாத ஒரு பிரிட்டிஷ் குழு, அங்கிருந்த ரசிகர்களே பணம் திரட்டி வரவழைத்தார்கள், பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டும் இன்றைய கிரவுட்ஃபண்டிங்குக்கு அதுதான் முன்னோடி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் வியாபாரப் பாடமாக இதைச் சொல்லிச் சொல்லி, அந்த மனிதர்கள் எதைக் கேட்டுவிட்டுப் பணம் போட்டார்கள் என்பதை யாரும் பேசுவதே இல்லை. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

நான் நினைப்பது இதுதான். மரில்லியனின் இசை கேட்பவரைக் காத்திருக்கப் பழக்குகிற இசை. அப்படிப் பழகியவர்கள்தான் இன்னும் எழுதப்படாத ஆல்பத்துக்கும் முன்கூட்டியே காசு கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் முதல் பங்கு கிதார் வாசிக்கும் ஸ்டீவ் ராதரிக்கு.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இங்கிலாந்தின் அய்ல்ஸ்பரி பக்கம் 1979-ல் உருவான குழு இது. ராதரி விட்பி என்ற கடற்கரை ஊரில் வளர்ந்தவர். குழு தொடங்கிய அதே ஆண்டில் வந்து சேர்ந்தார், இன்றுவரை இருக்கிறார். அன்றிலிருந்து விடாமல் இருப்பவர் அவர் ஒருவர்தான். முதல் ஆல்பம் 1983-ல் வந்தது. அப்போது பாடகர் ஃபிஷ் என்று அழைக்கப்படும் ஸ்காட்லாந்துக்காரர். 1985-ல் ‘மிஸ்பிளேஸ்டு சைல்ட்ஹுட்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அதிலிருந்த ‘கெய்லி’ பாட்டு இரண்டாம் இடம் வரை போனது. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுப் பெண் குழந்தைகளுக்கு அதே பெயரை வைத்த பெற்றோர் பிரிட்டனில் நிறையப் பேர். 1988-ல் ஃபிஷ் விலகினார். 1989-ல் ஸ்டீவ் ஹோகார்த் வந்தார். கீபோர்டில் மார்க் கெல்லி, பேஸில் பீட் ட்ரவாவஸ், டிரம்ஸில் இயன் மோஸ்லி. அன்று முதல் இந்த ஐந்து பேரும் மாறவே இல்லை. முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் அதே ஐந்து பேர் ஒன்றாக இருக்கிற ராக் குழுக்களைத் தேடிப் பாருங்கள், எத்தனை கிடைக்கும்?

இப்போது ‘ஈஸ்டர்’ பாட்டுக்கு வருகிறேன். ஹோகார்த் வந்த பிறகு வெளியான முதல் ஆல்பமான ‘சீஸன்ஸ் எண்ட்’டில் உள்ளது. வட அயர்லாந்தில் அப்போது நடந்துகொண்டிருந்த வன்முறையின் துயரத்தைப் பற்றிய பாட்டு. அக்கூஸ்டிக் கிதாரும் குரலுமாக நாட்டுப்பாட்டு போலத் தொடங்கும். பாட்டின் நடுவில் ராதரியின் சோலோ, அதாவது கிதார் மட்டும் முன்னால் வந்து ஒலிக்கும் பகுதி, வரும். அதில் வேகம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஒரு நோட்டை எடுத்து, அது முழுதாக ஒலித்து முடிக்கிறவரை விட்டுவிட்டு, அடுத்ததைத் தொடுவார். மெல்ல மெல்ல மேலே ஏறும். பாடகர் எந்த வலியைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தாரோ அதே வலியைச் சொல்லின் உதவி இல்லாமல் கிதார் தொடரும். அதற்கு முன் இரண்டரை நிமிடம் பாட்டோடு ஆற அமர உட்கார்ந்திருந்தவருக்குத்தான் அந்த ஏற்றம் நெஞ்சில் இறங்கும். சோலோவை மட்டும் வெட்டி எடுத்து ஒரு குட்டி வீடியோவாகப் போட்டால் பாதி போய்விடும். அப்படி வெட்டிப் போட்டவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன், கீழே ‘நன்றாக வாசிக்கிறார், ஆனால் எளிமையாக இருக்கிறது’ என்று யாராவது எழுதியிருப்பார்கள். எளிமையாக இருக்கிறதுதான். அந்த இடத்தில் அந்த எளிமையைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பதை வாசித்துப் பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

சிறந்த கிதார் கலைஞர்கள் பட்டியல் என்று பத்திரிகைகள் போடுவதில் இவர் பெயர் அபூர்வமாகத்தான் வருகிறது. வந்தாலும் ‘கில்மர் பாணி’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மர், ஜெனிசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட், கேமல் குழுவின் ஆண்டி லாடிமர் ஆகியோரின் தாக்கம் தன்னிடம் உண்டு என்று ராதரியே சொல்லியிருக்கிறார். அதனால் என்ன? சோலோவை விடுங்கள், மற்ற நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். கோரஸ், டிலே என்ற கிதார் ஒலி விளைவுகளைக் கலந்து கம்பிகளைத் தனித்தனியாக மீட்டிக்கொண்டே பாட்டின் அடியில் ஓடிக்கொண்டிருப்பார். அது இருப்பதே பல சமயம் தெரியாது. நின்றுபோனால்தான் தெரியும். பாடகருக்கு இடம் விட்டு வாசிப்பது என்பது ஒரு குணம். பிரபலமான கிதார் கலைஞர்கள் பலரிடம் அது இல்லை.

1988 பற்றிப் பேசாமல் மரில்லியன் ரசிகர்களைப் பற்றிப் பேச முடியாது. ‘ஃபிஷ் போனதோடு மரில்லியன் முடிந்துவிட்டது’ என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய இழப்பு எனக்குப் புரிகிறது. பதினைந்து, பதினாறு வயதில் ஒரு குரலோடு சேர்த்துத் தன் வாழ்க்கையையே கேட்டவருக்கு இன்னொரு குரல் அந்நியமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்பேன். 1987-ல் வந்த ‘சுகர் மைஸ்’ பாட்டின் சோலோவையும் இரண்டு வருடம் கழித்து வந்த ‘ஈஸ்டர்’ சோலோவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாடகர் மாறிவிட்டார், வரிகளின் உலகமே மாறிவிட்டது, ஆனால் கை அதே கை. வேலையிழந்து, வீட்டைவிட்டு எங்கோ தூரத்து ஓட்டலில் உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்காக அழுத அதே கிதார்தான் பெல்ஃபாஸ்ட்டுக்காகவும் அழுகிறது. நிறைய ரசிகர்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

சரி, இப்போது அந்த 1997. 1994-ல் ‘பிரேவ்’, 1995-ல் ‘அஃப்ரெய்ட் ஆஃப் சன்லைட்’ என்று இரண்டு அருமையான ஆல்பங்கள் கொடுத்தும் விற்பனை குறைந்துகொண்டே வந்தது. அதுவரை ஆல்பங்களை வெளியிட்டுவந்த ஈஎம்ஐ என்ற பெரிய இசை நிறுவனம் குழுவைக் கைவிட்டது. சின்ன நிறுவனத்தோடு ஒப்பந்தம். அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனால் நஷ்டம்தான், போக வழியில்லை என்று மார்க் கெல்லி இணையத்தில் ரசிகர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். ரசிகர்கள் அவர்களாகவே ஒரு வங்கிக் கணக்கைத் திறந்தார்கள். சுமார் 60,000 டாலர் சேர்ந்தது. பணத்தைத் திரட்டியதில் குழுவுக்குப் பங்கே இல்லை. கச்சேரி நடக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது, தன் ஊருக்கு வருவார்கள் என்ற நிச்சயம்கூடக் கிடையாது. கொடுத்தார்கள்.

அப்புறம்தான் குழுவுக்கு யோசனை வந்தது. அடுத்த ஆல்பத்தை நாங்கள் இன்னும் எழுதவே இல்லை, இப்போதே வாங்கிக்கொள்வீர்களா என்று ரசிகர்களிடம் கேட்டார்கள். 12,000-க்கும் அதிகமானவர்கள் வாங்கினார்கள். 2001-ல் ‘அனோராக்னோஃபோபியா’ அப்படித்தான் வந்தது. இப்படிப் பணம் திரட்டுவதற்கென்றே உள்ள கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் தொடங்கியது 2009-ல் என்பதை நினைவில் வையுங்கள். பதிவுச் செலவு ரசிகர்களுடையது என்பதால், விநியோகத்துக்காக அதே ஈஎம்ஐயோடு பேசும்போது உரிமை முழுவதையும் தங்களிடமே வைத்துக்கொண்டு பேச முடிந்தது. விமர்சகர்களுக்கும் ஒரு சவால் விட்டார்கள்: ‘புரோகிரசிவ் ராக்’, ‘ஜெனிசிஸ்’, ‘ஃபிஷ்’, ‘டைனோசர்’ போன்ற சொற்களைப் பயன்படுத்தாமல் இந்த ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதிப் பாருங்கள் என்று. பல வருடம் அந்தச் சொற்களால் அடி வாங்கியவர்களின் ரோஷம் அது. எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனால் எனக்கு 2001-ஐ விட 2004 முக்கியம். ‘மார்பிள்ஸ்’ ஆல்பத்துக்கும் ரசிகர்கள் முன்பணம் கொடுத்தார்கள், இந்த முறை அது விளம்பரச் செலவுக்கும் போனது. ‘யூ ஆர் கான்’ பாட்டு பிரிட்டனில் ஏழாம் இடம் பிடித்தது. பெரிய நிறுவனம் ஒன்றும் பின்னால் இல்லாமல். அதைவிடப் பெரிய விஷயம் அந்த ஆல்பத்தின் இரண்டு வட்டுப் பதிப்பில் இருக்கும் ‘ஓஷன் கிளவுட்’. ஏறத்தாழ 18 நிமிடப் பாட்டு. அட்லாண்டிக் கடலைத் தனி ஆளாக இரு திசைகளிலும் துடுப்புப் போட்டுக் கடந்த டான் ஆலமை நினைத்து எழுதியது. கடைகளுக்குப் போன ஒற்றை வட்டில் அது இல்லை. பணம் போட்ட ரசிகர்களின் கைக்குப் போன பதிப்பில்தான் இருந்தது. கம்பெனிக் கணக்குப் பார்க்கிற எவரும் முதலில் கத்தரி வைப்பது அப்படி ஒரு பாட்டில்தான். நடுக்கடலில் தனியே கிடக்கும் ஒருவனுடைய பயத்தையும் பிடிவாதத்தையும் சொல்ல 18 நிமிடம் தேவைப்பட்டது, அந்த 18 நிமிடத்தை ரசிகர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். ராதரியின் கிதார் அந்தப் பாட்டில் சில இடங்களில் அலையாக அடிக்கிறது, சில இடங்களில் மூச்சே விடாமல் கிடக்கிறது. இப்படி வாசிக்க ஒருவருக்கு அவகாசம் கிடைத்ததே என்று நினைக்கும்போது, முகம் தெரியாத அந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

2002-லிருந்து ‘மரில்லியன் வீக்கெண்ட்’ என்று ஒன்று நடக்கிறது. இங்கிலாந்தின் விடுமுறை முகாம்களில் தொடங்கியது, 2007-லிருந்து நெதர்லாந்தின் போர்ட் ஸேலாண்டில் பிரபலமானது. பிறகு மான்ட்ரியல் உட்படப் பல ஊர்களுக்குப் பரவியது. மூன்று இரவுகள், மூன்றும் வேறு வேறு கச்சேரிகள். ஒரு இரவில் ஏதாவது ஓர் ஆல்பத்தை முழுதாக வாசிப்பதும் உண்டு. பகலில் ரசிகர்களில் ஒருவர் மேடையேறி, குழுவில் ஒருவருடைய இடத்தை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்கிற நிகழ்ச்சி ஒன்று உண்டு. ராதரியின் சோலோவை இருபது வருடமாக வீட்டில் பழகியவர், அந்தச் சோலோவை அதே குழுவோடு, அவர் முன்னாலேயே வாசிப்பதை யோசித்துப் பாருங்கள். எந்தப் பெரிய ராக் குழு இந்த அளவுக்கு மேடையைத் திறந்து விட்டிருக்கிறது?

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் ஒதுக்கிவிடக் கூடாது. இது மூடிய வட்டம், வெளியே இருந்து புதியவர்கள் வருவதில்லை, காசு கொடுத்தவரைத் திருப்திப்படுத்தவே குழு வாசிக்கும் என்கிறார்கள். முதல் பாதியில் உண்மை இருக்கிறது. கூட்டத்தில் தலை நரைத்தவர்கள் அதிகம். வெளிநாடு போய் மூன்று நாள் தங்க எல்லாருக்கும் வசதியும் கிடையாது, நிறையப் பேர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் போகிறார்கள். வானொலி இவர்களை எப்போதோ மறந்துவிட்டது. ஆனால் இரண்டாவது பாதியை நான் ஏற்க மாட்டேன். ரசிகர்களை மகிழ்விப்பதுதான் நோக்கம் என்றால் ‘கெய்லி’ மாதிரி நான்கு பாட்டு செய்திருப்பார்கள். இவர்களோ 2016-ல் பணத்தையும் அதிகாரத்தையும் இங்கிலாந்தின் நிலையையும் பற்றி, நீண்ட தொடர் பாட்டுகளாக, கோபமும் துக்கமும் நிறைந்த ஓர் ஆல்பத்தைச் செய்தார்கள். அதற்கும் ரசிகர்கள்தான் முன்பணம். பிரிட்டனில் நான்காம் இடம். அடுத்த ஆண்டு முதல் முறையாக லண்டனின் புகழ்பெற்ற ராயல் ஆல்பர்ட் ஹால் அரங்கில் வாசித்தார்கள். 2022-ல் வந்த ‘ஆன் அவர் பிஃபோர் இட்ஸ் டார்க்’ இரண்டாம் இடம். 1987-க்குப் பிறகு அவர்கள் தொட்ட உயரம் அது. அதன் கடைசிப் பகுதி கொரோனா காலத்தில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டவர்களை நினைத்துப் பாடியது. அங்கே ராதரி வாசித்திருப்பதைக் கேட்ட யாரும் இது வயதான குழுவின் பழைய சரக்கு என்று சொல்ல முடியாது.

கொரோனா என்றதும் இன்னொன்று. 2021-ல் சுற்றுப்பயணம் கிளம்பும்போது, குழுவில் யாருக்காவது தொற்று வந்து ரத்தானால் ஈடுகட்டக் காப்பீடு கிடைக்கவில்லை. ரசிகர்களிடமே கேட்டார்கள். பயணம் நல்லபடியாக முடிந்தால் பணம் திரும்பிவிடும் என்ற ஏற்பாட்டில் ரசிகர்களே காப்பீடாக நின்றார்கள்.

ராதரி தனியாகச் செய்ததற்கும் அதே ஆதரவு. ‘தி கோஸ்ட்ஸ் ஆஃப் ப்ரிப்யட்’ என்ற ஆல்பத்துக்காக 2014-ல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்டார். பாடகரே கிடையாது, முழுக்க வாத்திய இசை. வந்து குவிந்தார்கள். ஹாக்கெட் அதில் விருந்தினராக வாசித்தார் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி, சிறு வயதில் யாரைக் கேட்டு வளர்ந்தாரோ அவரே வந்து பக்கத்தில் நின்றார். 2025-ல் டான்ஜரின் ட்ரீம் என்ற ஜெர்மன் மின்னணு இசைக் குழுவின் தோர்ஸ்டன் க்வேஷ்னிங்கோடு சேர்ந்து பயோஸ்கோப் என்ற பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டார். அறுபதைத் தாண்டிய பிறகு புதிய ஒருவரோடு புதிய இசை. கேட்க ஆள் இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இதையெல்லாம் தொடங்கத் தைரியம் வரும்.

இதுவரை கேட்காதவர்கள் ‘ஈஸ்டர்’ முழுதாகக் கேளுங்கள், நடுவில் தள்ளிவிட வேண்டாம். பிடித்திருந்தால் ‘நெவர்லேண்ட்’. பன்னிரண்டு நிமிடம், பியானோவோடு மெதுவாகத் தொடங்கும், பயப்படாதீர்கள். ஃபிஷ் காலத்தோடு நிறுத்திக்கொண்ட பழைய ரசிகர்கள் ‘பிரேவ்’ ஆல்பத்தை ஒரே மூச்சில் கேட்டுவிட்டு வந்து என்னோடு பேசுங்கள், காத்திருக்கிறேன். ‘மார்பிள்ஸ்’ வாங்குவதாக இருந்தால் மட்டும் ஒற்றை வட்டை வாங்காதீர்கள், இரண்டு வட்டுப் பதிப்பாகத் தேடி வாங்குங்கள்.