கோலம் எங்களுக்கு, ஈசிஜி உங்களுக்கு

ஞாயித்துக்கிழமை இதய தின முகாம்ல என்ன நடந்துச்சுன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், போட்டோவும் பாத்திருப்பீங்க. அமைப்போட பேரைச் சொல்ல மாட்டேன். அதுல பாதிப் பேர் எனக்கு அண்ணன் முறை. நாளப்பின்ன ஒரு காதுகுத்துல முகம் பாக்கணும்.

மண்டபத்துக்கு உள்ள ஆம்பளைங்களுக்கு ஈசிஜி. வெளில பந்தல்ல பொம்பளைங்களுக்குக் கோலப் போட்டி, தலைப்பு 'ஆரோக்கிய இதயம்'. கேட்டா, ஈசிஜிக்கு மேல்சட்டையைத் தளர்த்தணும், மறைப்பு இல்ல, லேடி டெக்னீஷியன் கிடைக்கல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு பதில். மறைப்புக்கு என்ன வேணும்? நாலு நாற்காலி, ரெண்டு பழைய புடவை. பிரசவமே அப்படிப் பாத்த ஊருய்யா இது. பிபி பாக்கவும் விரல்ல குத்தி சுகர் பாக்கவும் அந்த மறைப்பு கூட வேணாமே, அதையாவது பந்தலுக்குக் கொண்டு வந்திருக்கலாம்ல?

இதைத்தான் அவங்க பதிவுக்குக் கீழ மரியாதையா கேட்டேன். வந்த பதில்: "பொம்பளைங்களுக்கு ஏதுங்க ஹார்ட்டு, எங்க வூட்ல அதைத்தான் இருவது வருசமா தேடுறேன்." அதுக்கு அறுபத்திரண்டு சிரிப்பு எமோஜி. எண்ணிப் பாத்தேன். அதுல எங்கிட்ட படிச்ச பசங்களும் உண்டு.

சரி, ஜோக்குதான். நானும் ஜோக்குக்குச் சிரிக்கறவதான். ஆனா பெண்களுக்கும் மாரடைப்பு வரும். அதை மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்னுதான் உக்காந்தேன், நீளமாயிடும் போலருக்கு.

"ஆம்பளைங்களுக்குத்தான டீச்சர் ஜாஸ்தி வருது?" ஆமா, முதல்ல வருது. 2004ல இன்டர்ஹார்ட்னு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 52 நாடு. அதுல பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆம்பளைங்களைவிட சராசரியா ஒம்பது வருஷம் தள்ளித்தான் வருது. ஒத்துக்கறேன். ஆனா தள்ளி வருதுன்னா வராதுன்னு அர்த்தமா? பஸ் லேட்டா வந்தா வராதுன்னு வீட்டுக்குப் போயிடுவீங்களா? அதுலயும் சுகர் வந்துட்டா, மாதவிடாய் நிக்கற வரைக்கும் பெண்களுக்கு இருக்கற பாதுகாப்பு முன்னாடியே கரைஞ்சு போயிடுது. சுகர் இல்லாத வீடு எது நம்ம தெருவுல? 2023ல வந்த ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்குல நாட்டுல பத்து கோடிப் பேருக்கு மேல.

அடுத்தது, "எங்க பாட்டி நெய்யும் பழையதும் தின்னு தொண்ணூறு வருஷம் இருந்தாங்க, இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி." உங்க பாட்டி காலைல நாலு மணிக்கு எழுந்து நெல்லு குத்தினாங்க. நீங்க வாசல் தெளிக்கவே மோட்டார் போடறீங்க. அது போகட்டும். அந்த இன்டர்ஹார்ட்லயே பாருங்க, தெற்காசியக்காரங்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடுவயசு 53, மத்த நாட்டுக்காரங்களுக்குக் கிட்டத்தட்ட 59. சிங்கப்பூர்ல இருக்கற சொந்தக்காரங்களைக் கேளுங்க, நம்ம பக்கத்துல வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்க. அங்க இனவாரியா கணக்கு எடுக்கறாங்க, சீனரைவிட மலாய்க்காரருக்கும் நம்மாளுங்களுக்கும் மாரடைப்பு அதிகம். அதே ஊரு, அதே ஆஸ்பத்திரி. உயரத்துக்கு எடை சரியான்னு பாக்கற பிஎம்ஐ கணக்கு வெள்ளைக்காரனுக்கு 25 தாண்டினாதான் எடை கூடுதல், நமக்கு 23லயே எச்சரிக்கை. ஒல்லியா இருந்து தொப்பை மட்டும் போட்டிருக்கற உடம்புதான் நம்ம உடம்பு. தையல் மெஷின் டிராயர்ல டேப் இருக்கும், எடுத்து இடுப்பைச் சுத்துங்க. பெண்களுக்கு 80 செமீ, ஆம்பளைங்களுக்கு 90. அதுக்கு மேல போனா டாக்டரைப் பாருங்க. இதுக்கு முகாம் கூட வேணாம்.

நான் டாக்டர் இல்ல. எட்டாங்கிளாசுக்கு அறிவியல் எடுக்கறவ. "நீ என்ன டாக்டரா"ன்னு கேக்கப் போறவங்களுக்காக முன்னாடியே சொல்லிட்டேன்.

எங்கம்மா கதை சிலருக்குத் தெரியும். 2014 தை மாசம், கொரடாச்சேரி பக்கம் எங்க வயல்ல அறுப்பு மெஷின் ஓடிக்கிட்டிருந்த நேரம். அம்மாவுக்கு நடு முதுகுல ஒரு அழுத்தம், கீழ்த் தாடை வலி. பல்லு வலின்னு நெனச்சு கடைவாய்ல ஒரு கிராம்பை அடக்கிக்கிட்டே ஆளுங்களுக்கு டீ ஆத்தினாங்க. வெளில பனி கொட்டுது, அவங்க ஜாக்கெட் முதுகுல ஒட்டற மாதிரி வேர்வை. நெஞ்சைப் பிடிக்கல. போஸ்டர்ல வர்ற ஆளு மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாயவே இல்ல. பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் அதிகமா வர்ற அறிகுறி, இல்லன்னு சொல்லல. ஆனா முதுகு, தாடை, மூச்சு வாங்கறது, குமட்டல், சொல்ல முடியாத அசதி, இதெல்லாம் ஆம்பளைங்களைவிட அவங்களுக்குக் கூடுதலா வரும். சுகர் இருந்தா வலியே தெரியாமலும் போகும். அம்மாவுக்கு எட்டு வருஷமா சுகர்.

மறுநாள் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். கேஸ் ஊசி, கேஸ் மாத்திரை, "வீட்டு டென்ஷனைக் குறைங்கம்மா"ங்கற அறிவுரை. அதே கிளினிக்ல அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா 'சுருக்குன்னு இருக்கு'ன்னு சொன்ன உடனே படுக்க வச்சு ஈசிஜி எடுத்தாங்க. அதே மெஷின் அன்னிக்கும் மூலைல துணி போத்தி இருந்துச்சு. அப்பாவுக்கு நிஜமாவே கேஸ்தான்.

1991லயே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தோட முதல் பெண் தலைவர் பெர்னடின் ஹீலி இதை எழுதிட்டாங்க. ஆம்பளைக்கு வர்ற மாதிரியே தனக்கும் வந்திருக்குன்னு காட்டினாதான் ஒரு பெண்ணுக்கு அதே வைத்தியம் கிடைக்குதுன்னு. இதை அம்மாவுக்கு அப்படி ஆகி அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் நான் படிச்சேன். படிச்சு என்ன.

மூணாம் நாள் ராத்திரி 108ஐக் கூப்பிடத் தோணல, பக்கத்து வீட்டுக் கார்ல ஏத்தினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்திக் கெடக்கு, அது எப்படின்னு உங்களுக்குச் சொல்லணுமா? ஒரு கூட்ஸ் வண்டி, அடுத்து எதிர்ல ஒண்ணு. அம்மா என் மடில தலை வச்சு, "இட்லிக்கு ஊறப் போட்டதை எடுத்து ஆட்டிடச் சொல்லு, நாறிடும்"னாங்க. தஞ்சாவூர்ல டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" மூணு நாளான்னு நான்தான் பதில் சொன்னேன். 56 வயசு அவங்களுக்கு.

கிளினிக் டாக்டரைத் திட்டறது சுலபம், பதினோரு வருஷமா திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா மொத நாள் "கேஸா இருக்கும்மா, ஓம வாட்டர் குடி"ன்னு சொன்னது நான். அறிவியல் டீச்சர். அப்பாவா இருந்தா அப்படிச் சொல்லியிருப்பேனா? அதனாலதான் அந்த அறுபத்திரண்டு எமோஜி எனக்கு அவ்வளவு எரிச்சலா இருந்துச்சோ என்னவோ.

"இலவசமா நல்லது செய்யறவங்களைக் குறை சொன்னா அடுத்த வருஷம் முகாமே நடக்காது"ன்னு ஒரு அண்ணன் இன்பாக்ஸ்ல. சொல்லக்கூடாதுன்னா எங்களைப் பந்தலுக்குக் கூப்பிட்டிருக்கக் கூடாதுண்ணா. "நீயும்தான் கோலம் போட்டே"ன்னு கேட்டிருக்கீங்க. ஆமா போட்டேன். ஒரு மணி நேரம் குனிஞ்சு செவப்புப் பொடில ஆரிக்கிள், வென்ட்ரிக்கிள் எல்லாம் சரியா பிரிச்சுப் போட்டேன், ரெண்டாம் பரிசு ஒரு ஹாட்பாக்ஸ் குடுத்தாங்க. முதல் பரிசு, நடுவுல அம்பு விட்ட இதயத்துக்கு.

முகாமை எதிர்பாக்காதீங்க பொம்பளைங்களா. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க, பிபி, சுகர் காசில்லாம பாப்பாங்க. மாரடைப்புன்னு தெரிஞ்சா அங்கயே முதல் டோஸ் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரை குடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பற 'இதயம் காப்போம்' திட்டம் 2023லேர்ந்து இருக்கு. மாசமா இருக்கும்போது பிபியோ சுகரோ வந்திருந்தா, பிள்ளைக்கு இருவது வயசானாலும் அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. அதுவும் கணக்குல சேரும். ஒரு ஈசிஜி நல்லா வந்துட்டா ஆயுசுக்கும் கவலையில்லன்னும் அர்த்தமில்ல.

இதெல்லாம் பெருசா எழுதறேன், என் வீட்டுல என்ன நடக்குது? மாமியாருக்கு ஒரு வாரமா மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. இன்னிக்கு காலைல கெளம்புங்க அத்தைன்னேன். "சம்பா நடவு முடியட்டும்"ங்கறாங்க. நடறது கூலி ஆளுங்க, நீங்க எதுக்குன்னேன். "அவங்களுக்கு யாரு டீ போடறது?"

நாளைக்கு நான் லீவு போட்டிருக்கேன். டீ நானே போட்டுடறேன், காலைல ஏழு மணி மினி பஸ்ல மாமா கூட்டிட்டுப் போறாரு.